பேரனைத் தேடிய பாட்டி ரோசா

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிப் பெண்களும் கூடிய நினைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் நினைவு கூர்வது ஒரு பாட்டியை. அவர் நமது ஊர்க்காரர் அல்லர். நமது மொழி பேசியவரும் அல்லர். தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள அர்ஜென்டினா நாட்டில் பிறந்து, அங்கேயே உழைத்து வாழ்ந்து, 2025 செப்டம்பர் 6ந் தேதி 106வது வயதில் கண்மூடியவர். அவர் பெயர் ரோசா ரோய்சின்பிளிட்.

அத்தனை தூரத்தில் இருந்த ஒரு கிழவிக்கு இங்கே என்ன கூட்டம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு நாம் சொல்லும் பதில் இது. நமது வீடுகளில் தாய் என்றால் தெய்வம் என்று சொல்லி விழுகிறோம். ஆனால் அந்தத் தாய் வீதிக்கு வந்து நியாயம் கேட்டால், "பொம்பளைக்கு இது எதற்கு, வீட்டுக்குப் போ" என்று சொல்லுகிற உலகமும் இதுதான். ஒரு தாய் வீட்டுக்குப் போகாமல் நின்றால் என்ன நடக்கும்? ஒரு மாதமோ ஒரு வருஷமோ அல்ல, நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நின்றால் என்ன நடக்கும்? இதற்கு ரோசா அம்மையாரின் வாழ்க்கையே விடை. அதனால்தான் அந்த வாழ்க்கையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குடியானவர் ஊரில் பிறந்தவர்

ரோசா 1919 ஆகஸ்டு 15ந் தேதி, சாந்தா ஃபே மாகாணத்தில் மோயிசஸ் வீல் என்ற சிற்றூரில் பிறந்தார். அது யூதக் குடியானவர்கள் உண்டாக்கிய ஊர். ஜார் மன்னனின் ரஷ்யாவில் யூதர்களுக்கு நேர்ந்த கொடுமைகளைத் தாங்க முடியாமல் கப்பல் ஏறிய ஏழைக் குடும்பங்கள், 1889ல் அந்தப் புல்வெளியில் இறங்கி, தரிசை உழுது ஊராக்கினார்கள். அப்படிப்பட்ட ஜனங்களின் வழியில் வந்த பெண் ரோசா.

அவர் படித்தது மருத்துவச்சித் தொழில். ரொசாரியோ நகரத்தில் அதை முறையாகப் படித்துப் பட்டம் பெற்று, பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். தாய்மார்களே, மருத்துவச்சியின் வேலை இன்னதென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து போகவேண்டும். வலியில் துடிக்கிறவளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறந்த குழந்தையை முதலில் தொடுகிற கை அவளுடைய கை. ஊரிலே யாருடைய பிள்ளை யார் என்று சாட்சி சொல்லத் தகுந்தவளும் அவள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததைக் கேட்கும்போது இதன் அர்த்தம் விளங்கும்.

பிறகு அவர் தலைநகரமான பியூனஸ் அயர்சுக்கு வந்தார். 1951ல் பெஞ்சமின் ரோய்சின்பிளிட் என்பவரை மணந்தார். 1952 டிசம்பரில் ஒரே மகள் பிறந்தாள். பட்ரீசியா என்று பெயர் வைத்தார்கள். 1972ல் கணவர் இறந்துபோனார். அதன்பின் தாய்க்கு மகள், மகளுக்குத் தாய். பட்ரீசியா மருத்துவம் படித்தாள். அந்தக் காலத்து வாலிபர்கள் பலரைப் போல அவளும், தன் நாட்டில் ஏழைக்கு ஒரு நியாயம், பணக்காரனுக்கு ஒரு நியாயம் என்றிருப்பதைப் பொறுக்காமல் அரசியலில் இறங்கினாள். ஹோசே பெரஸ் ரோஹோ என்ற இளைஞரோடு வாழ்வைப் பகிர்ந்துகொண்டாள். இருவரும் மொன்டோனெரோஸ் என்ற இடதுசாரி பெரோனிய இயக்கத்தில் இருந்தார்கள். அது ஆயுதம் தாங்கிய இயக்கம். 1977ல் அவர்களுக்கு மரியானா என்ற பெண் குழந்தை பிறந்தது. ரோசா பாட்டியானார்.

யாருக்கு விரோதமான ராஜ்யம்?

1976 மார்ச்சு 24ந் தேதி அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தரைப்படைத் தளபதி விதேலா தலைமையில் மூன்று படைகளின் தளபதிகள் நாட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். பார்லிமெண்டு கலைக்கப்பட்டது. வேலைநிறுத்தம் குற்றமாக்கப்பட்டது. தொழிற்சங்கங்களின் பொதுச் சம்மேளனத்தை ராணுவ அதிகாரிகள் கைப்பற்றினார்கள்.

"பயங்கரவாதிகளை ஒடுக்குகிறோம்" என்றார்கள் தளபதிகள். உண்மையில் யாரைப் பிடித்தார்கள்? ராணுவ ஆட்சி வீழ்ந்தபின், 1984ல், சர்க்கார் நியமித்த விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. காணாமற்போனவர்களில் 100க்கு 30 பேர் ஆலைத் தொழிலாளர்கள் என்று அது கணக்குக் காட்டியது. மாணவர்கள் 100க்கு 21 பேர். எங்கே சங்கம் வலுவாக இருந்ததோ, அங்கே ராத்திரியில் லாரி வந்து நின்றது. வடக்கே குகுய் மாகாணத்தில் லெதெஸ்மா என்ற பெரிய சர்க்கரை ஆலை இருக்கிறது. 1976 ஜூலையில் ஒரு நாள் இரவு, ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் மின்சாரம் அணைக்கப்பட்டது. இருட்டிலே வீடு வீடாகப் புகுந்து தொழிலாளர்களையும் மாணவர்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பலர் திரும்பவே இல்லை. கரும்பு வெட்டியவனுக்கும் ஆலையில் பாகு காய்ச்சியவனுக்கும் அந்த இருட்டு எதற்காக வந்தது என்று நன்றாகத் தெரியும். கூலி கேட்டதற்காக வந்தது.

பிடித்தவர்களைக் கோர்ட்டில் நிறுத்தவில்லை. சிறைப் புத்தகத்தில் பெயர் எழுதவில்லை. ரகசிய இடங்களில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். பலரை மயக்க மருந்து போட்டு விமானத்தில் ஏற்றி ஆற்றிலும் கடலிலும் தள்ளினார்கள். வீட்டார் வந்து கேட்டால், "அப்படி ஒருவரும் எங்களிடம் இல்லை" என்பதே பதில். இப்படிக் காணாமற்போனவர்கள் 30,000 பேர் என்று அந்நாட்டு மனித உரிமை அமைப்புகள் சொல்லுகின்றன.

பிடிபட்ட பெண்களில் கர்ப்பிணிகள் பலர் இருந்தார்கள். அவர்களைப் பிரசவம் ஆகும்வரை உயிரோடு வைத்திருந்தார்கள். குழந்தை பிறந்ததும் தாயை அழித்தார்கள். குழந்தையை ராணுவத்தாருக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் கொடுத்தார்கள். பொய்யான பிறப்புச் சான்று எழுதி, தங்கள் பிள்ளை என்று பதிந்துகொண்டார்கள். இப்படிப் பறிக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 500 பேர் இருப்பார்கள் என்பது பாட்டிமாரின் கணக்கு. இதைச் செய்த அதே தளபதிகள்தாம் மேடைதோறும் குடும்பத்தின் புனிதத்தைப் பற்றியும் கிறிஸ்தவ நாகரிகத்தைப் பற்றியும் உபதேசம் செய்தார்கள்!

1978 அக்டோபர் 6

அன்று பட்ரீசியாவுக்கு எட்டு மாதம். கணவர் ஹோசேயை அவருடைய கடையிலேயே பிடித்தார்கள். பட்ரீசியாவை வீட்டில் பிடித்தார்கள். இடுப்பில் பதினைந்து மாதக் குழந்தை மரியானா. குழந்தையை மட்டும் உறவினர்களிடம் விட்டுவிட்டு, தாயையும் தந்தையையும் கொண்டு போய்விட்டார்கள். இந்த வேலையைச் செய்தது விமானப்படையின் உளவுப் பிரிவு.

ரோசாவுக்கு அப்போது 59 வயது. ஆயிரம் பிரசவம் தெரிந்தவருக்குத் தன் மகளின் பிரசவத்துக்கு நாள் எண்ணத் தெரியாதா? எண்ணிக்கொண்டே அலைந்தார். போலீஸ் நிலையம், கோர்ட்டு, ராணுவ முகாம், பாதிரிமார் மாளிகை, அனாதை விடுதி, ஒன்றும் பாக்கியில்லை. நாளும் கடந்தது. குழந்தை பிறந்திருக்க வேண்டும். ஆணா, பெண்ணா, உயிரோடு இருக்கிறதா, யார் கையில் இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை.

பியூனஸ் அயர்சில் கடற்படையின் யந்திரவியல் பள்ளி ஒன்று இருந்தது. வெளியே பள்ளிக்கூடம். உள்ளே ஏறக்குறைய 5,000 பேரை அடைத்து வதைத்த கொலைக்கூடம். பிரசவத்துக்காகப் பட்ரீசியாவை அங்கேதான் கொண்டு போனார்கள். 1978 நவம்பர் 15ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ரொடால்ஃபோ ஃபெர்னாண்டோ என்று பெயர் வைத்தாள் தாய். அதன்பின் அவளை யாரும் பார்க்கவில்லை. 1979 அக்டோபரில், அந்தக் கூடத்திலிருந்து உயிர் தப்பிய மூன்று பெண்கள் பாரிஸ் நகரில், பிரெஞ்சுப் பார்லிமெண்டுக் கட்டிடத்தில், அங்கே நடந்ததையெல்லாம் உலகறியச் சாட்சி சொன்னார்கள். கர்ப்பிணிகள் அங்கே பிரசவித்ததையும் சொன்னார்கள். இப்படித் தப்பி வந்தவர்கள் வாயிலாகத்தான், தமக்கு ஒரு பேரன் பிறந்தான் என்ற சேதி ரோசாவை எட்டியது.

எத்தனையோ பேருடைய பிள்ளைகளை ஏந்திய கை, சொந்தப் பேரனைத் தொட முடியாமல் போயிற்று.

வெள்ளைத் துணி

1977 ஏப்ரல் 30ந் தேதி, பிள்ளைகளைப் பறிகொடுத்த பதினான்கு தாய்மார் தலைநகரின் மே சதுக்கத்தில் வந்து நின்றார்கள். எதிரே ஜனாதிபதி மாளிகை. அந்த நாளில் கூட்டமாக நிற்பது குற்றம். "நிற்காதே, நட" என்று போலீஸார் அதட்டினார்கள். சரி, நடக்கிறோம் என்று சதுக்கத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமைதோறும் அந்த நடை தொடர்ந்தது. ஒருவரையொருவர் கூட்டத்தில் அடையாளம் கண்டுகொள்ள, குழந்தைகளுக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். உலகம் முழுவதும் அறிந்த அந்த வெள்ளைத் தலைத்துணி பிறந்தது இப்படித்தான்.

அந்தத் தாய்மாரை முன்னின்று திரட்டியவர் அசுசேனா வில்யாஃப்ளோர். தொழிலாளர் குடும்பத்துப் பெண். 1977 டிசம்பரில் அவரையும் இன்னும் இரண்டு தாய்மாரையும் ராணுவம் பிடித்துக்கொண்டு போய், விமானத்திலிருந்து கடலில் எறிந்தது. கரையில் ஒதுங்கிப் பெயரில்லாமல் புதைக்கப்பட்ட அவர்களது எலும்புகள் 2005ல்தான் அடையாளம் காணப்பட்டன. தலைவியைக் கொன்றுவிட்டால் மற்றவர்கள் வீட்டுக்குள் ஒடுங்கிவிடுவார்கள் என்று தளபதிகள் நினைத்தார்கள். அடுத்த வியாழனும் தாய்மார் நடந்தார்கள்.

மகளோடு பேரக் குழந்தையையும் பறிகொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர், 1977 அக்டோபரில் தனியே ஒரு சங்கம் கண்டார்கள். அதுதான் மே சதுக்கப் பாட்டிமார் சங்கம். மகளைப் பறிகொடுத்த பின் ரோசா அதில் சேர்ந்தார். அந்தக் கிழவிகள் எப்படி வேலை செய்தார்கள் தெரியுமா? பெரிய காப்பிக் கடைகளில் கூடுவார்கள். பிறந்தநாள் கொண்டாடுவதைப் போலப் பாவனை செய்து, மேசைக்குக் கீழே காகிதங்களைக் கைமாற்றுவார்கள். டெலிபோனில் பேசும்போது குழந்தைகளைப் "பூக்கள்" என்பார்கள், "நோட்டுப் புத்தகங்கள்" என்பார்கள். ஒட்டுக் கேட்கிற உளவாளிக்கு அது இரண்டு கிழவிகளின் வீட்டுப் பேச்சு.

1981ல் ரோசா அந்தச் சங்கத்தின் பொருளாளர் ஆனார். 1989ல் உபதலைவர் ஆனார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருந்தார். சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். கூட்டத்தில் கண்ணீர் விடுவது ஒன்று. வரவு செலவு எழுதி, கடிதம் போட்டு, தகவலைச் சரிபார்த்து, அடுத்த மாதம் அலுவலகத்துக்கு வாடகை கொடுப்பது வேறொன்று. துக்கம் எல்லாத் தாய்க்கும் உண்டு. அந்தத் துக்கத்துக்கு ஒரு கணக்குப் புத்தகமும், ஒரு மேசையும், ஒரு கையெழுத்துப் படிவமும் வேண்டும் என்று கண்டவர்கள் அந்தப் பாட்டிமார்.

ரத்தம் சொன்ன சாட்சி

ஒரு குழந்தையைக் கண்டுபிடித்தாலும், அது உங்கள் பேரன்தான் என்பதற்கு ருசு என்ன? பிறப்புச் சான்று பொய். பெற்றோர் உயிரோடு இல்லை. பிறந்ததைப் பார்த்த மருத்துவச்சி கிடையாது. அந்த இடத்தில் பாட்டிமார் விஞ்ஞானிகளிடம் ஒரு கேள்வியைக் கொண்டு போனார்கள். "பெற்றோரின் ரத்தம் இல்லாமல், எங்கள் ரத்தத்தை வைத்து உறவைச் சொல்ல முடியுமா?"

அதுவரை அப்படி யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் மேரி கிளேர் கிங் முதலிய விஞ்ஞானிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். தாத்தா பாட்டியின் ரத்தத்தை வைத்துப் பேரக் குழந்தையின் உறவை நிறுவும் கணக்கு முறை உருவாயிற்று. 1984ல் அந்தச் சோதனையின் பேரில் ஒரு பெண் குழந்தை முதன்முதலாகத் தன் பாட்டியிடம் திரும்பியது. பின்பு இன்னொரு வழியும் கண்டார்கள். நமது உடம்பின் உயிரணுக்களில், தாயிடமிருந்து மட்டுமே வருகிற ஒரு மரபுக்கூறு உண்டு. தாய்க்கு அது அவள் தாயிடமிருந்து வந்தது. ஆகையால் மகளைக் கொன்று மறைத்துவிட்டாலும், மகள் வயிற்றுப் பேரனின் உடம்பில் உள்ள அடையாளமும் பாட்டியின் உடம்பில் உள்ள அடையாளமும் ஒன்றாகவே இருக்கும். தளபதிகளால் காகிதத்தைத் திருத்த முடிந்தது. இதைத் திருத்த முடியவில்லை.

ஆனால் பாட்டிமாருக்கு வயதாகிக்கொண்டிருந்தது. தாங்கள் செத்துப்போனால் சாட்சியும் போய்விடுமே! ஆகவே சர்க்காரோடு வாதாடி, 1987ல் சட்டப்படி ஒரு தேசிய மரபணு வங்கியை உண்டாக்கச் செய்தார்கள். உறவினர்களின் ரத்தமும் அதன் விவரமும் அங்கே பாதுகாக்கப்படும். பாட்டி மறைந்தாலும், எப்போதாவது ஒரு பேரன் வந்து கேட்டால் விடை தயாராக இருக்கும். பணக்காரர்கள் தங்கம் வைக்கும் வங்கியை நாம் அறிவோம். ஏழைத் தாய்மார் தங்கள் ரத்தத்தை வைப்பாக வைத்த வங்கி இது.

குழந்தை தன் அடையாளத்தோடு வாழ உரிமை உண்டு என்று 1989ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 8வது பிரிவு சொல்லுகிறது. அந்தப் பிரிவு அதில் இடம்பெற்றதிலும் இந்தப் பாட்டிமாரின் பங்கு உண்டு.

21 வருஷத்துக்குப் பிறகு

2000ம் வருஷம் சங்கத்துக்கு ஒரு தகவல் வந்தது. விமானப்படை உளவுப் பிரிவில் சிவிலியன் ஊழியராக இருந்த ஒருவருடைய வீட்டில் வளர்ந்த வாலிபனைப் பற்றிய தகவல். கியேர்மோ என்று அவனுக்குப் பெயர். ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். மரியானா தானே அங்கே போனாள். தாய் இடுப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அந்தப் பதினைந்து மாதக் குழந்தை இப்போது வளர்ந்த பெண். தான் காணாமற்போன ஒரு தம்பதியின் மகள், தம்பியைத் தேடி வந்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். ஹோசேயின் புகைப்படம் உள்ள புத்தகத்தையும் கொடுத்தாள். படத்தில் அவன் கண்டது தன்னுடைய முகத்தையே.

ரத்தம் கொடுத்தான். சோதனை உறுதி சொன்னது. 21 வருஷத்துக்குப் பிறகு, 80 வயதுப் பாட்டிக்குப் பேரன் கிடைத்தான்.

தோழர்களே, இத்துடன் கதை சுபமாக முடிந்தது என்று சொல்லிவிட்டால் அது சினிமாவாகிவிடும். உண்மை கடினமானது. தன்னை வளர்த்தவர்களைத் தாய் தகப்பன் என்று நம்பியிருந்த பிள்ளை அவன். தான் கொடுத்த ரத்தமே வளர்த்தவரைச் சிறைக்கு அனுப்பும் என்பது அவனுக்குத் தெரியும். பாட்டி ஒரு பக்கம், தெரிந்த வீடு ஒரு பக்கம். பெயரை மாற்றுவதும், அந்த வீட்டில் தனக்குச் சொல்லப்பட்டது பொய் என்று மனசு ஒப்புவதும் ஒரு நாளில் நடக்கிற காரியமா? ஆண்டுகள் பிடித்தன. ரோசா பாட்டி காத்திருந்தார். 21 வருஷம் காத்தவருக்கு அதுவும் முடிந்தது.

இதையொட்டி ஒரு வாதம் அந்த நாட்டில் எழுந்தது. நீங்களும் மனசில் நினைக்கலாம். "வளர்த்த பாசம் பாசந்தானே? நன்றாக இருக்கிற பிள்ளையை ஏன் கலைக்க வேண்டும்?" வளர்த்த பாசத்தைப் பாட்டிமார் ஒருபோதும் இழிவாகப் பேசவில்லை. 1980ல் அவர்கள் கண்டுபிடித்த இரண்டு சிறுமிகள் விஷயம் அதற்குச் சாட்சி. உண்மை தெரியாமல், நல்ல மனசோடு தத்தெடுத்த ஒரு குடும்பத்தில் அவர்கள் இருந்தார்கள். அந்தக் குடும்பமும் உண்மையை மறைக்கவில்லை. குழந்தைகள் அங்கேயே வளர்ந்தார்கள். சொந்தப் பாட்டிமாரோடு உறவும் நீடித்தது. தத்து என்பது வேறு, கொள்ளை என்பது வேறு. தாயைப் பிரசவம்வரை வைத்திருந்து, பிறகு அழித்துவிட்டு, அவள் பிள்ளைக்கு அவள் இருந்ததையே தெரியாமல் செய்வதை எந்தப் பாசத்தின் பேரால் மன்னிப்பது? பேரன் தம்மோடு வந்து இருக்கவேண்டும் என்பதைவிட, அவன் யார் என்று அவனுக்குத் தெரியவேண்டும் என்பதே பாட்டிமார் கேட்டது. பிள்ளை ஒருவருடைய சொத்து அல்ல. ஆனால் உண்மை பிள்ளையின் சொத்து.

காலக்கிரமத்தில் கியேர்மோ தம் பெற்றோரின் பெயரைத் தாங்கி, கியேர்மோ பெரஸ் ரோய்சின்பிளிட் ஆனார். சட்டம் படித்து வக்கீலானார். பாட்டி உழைத்த சங்கத்தில் தாமும் உழைத்தார்.

97 வயதில் கோர்ட்டில்

1985ல் தளபதிகள் மீது நடந்த வழக்கில் விதேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. விமானப்படைத் தளபதியாக இருந்த கிராஃபிக்னா விடுதலை செய்யப்பட்டார். ராணுவத்தின் மிரட்டலுக்குப் பணிந்து, 1986லும் 1987லும் வழக்குகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் சட்டங்கள் வந்தன. 1990ல் ஜனாதிபதி விதேலாவுக்கே மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். வேறு யாராக இருந்தாலும் சோர்ந்து படுத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சட்டங்களில் ஓர் ஓட்டை இருந்தது. குழந்தைத் திருட்டுக்கு அவை மன்னிப்புத் தரவில்லை. அந்த ஓட்டை வழியாகவே பாட்டிமார் நுழைந்தார்கள். 1998ல் குழந்தைத் திருட்டு வழக்கில் விதேலா மறுபடி கைதானார். 2005ல் அந்தச் சட்டங்கள் செல்லா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012 ஜூலையில், குழந்தைகளைப் பறித்தது திட்டமிட்ட செயலே என்று கோர்ட்டு கூறி, விதேலாவுக்கு 50 ஆண்டுத் தண்டனை விதித்தது. மறுவருஷம் அவர் சிறையிலேயே செத்தார்.

2016 செப்டம்பர் 8ந் தேதி பட்ரீசியா, ஹோசே வழக்கில் தீர்ப்பு வந்தது. 1985ல் தப்பிய அதே கிராஃபிக்னாவுக்கு 25 ஆண்டு. உளவுப் பிரிவின் அதிகாரிக்கு 25 ஆண்டு. கியேர்மோவைத் தன் பிள்ளையென்று வைத்திருந்தவருக்கு 12 ஆண்டு. வாதிகள் யார்? பாட்டியும், பேத்தியும், பேரனும். மகளைப் பிடித்துக்கொண்டு போய் ஏறக்குறைய 38 வருஷம் ஆகியிருந்தது. ரோசாவுக்கு 97 வயது. தம் மகளை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு எதிரில் உட்கார்ந்து தீர்ப்பைக் கேட்டார்.

மகளும் மருமகனும் எங்கே போடப்பட்டார்கள் என்பது மட்டும் அவர் கடைசி மூச்சுவரை தெரியவரவில்லை. வதைத்தவர்கள் வாய் திறக்கவில்லை. பூப்போட ஒரு பிடி மண் கூட இல்லாமல் அந்தத் தாய் போனார். இதையும் நாம் மறக்கலாகாது.

நமக்கு என்ன?

ரோசா மறைந்த நாளில், கண்டுபிடிக்கப்பட்ட பேரப் பிள்ளைகளின் எண்ணிக்கை 140 ஆகியிருந்தது. கணக்கின்படி இன்னும் சில நூறு பேர், தாங்கள் யார் என்று தெரியாமலே எங்கோ வாழ்கிறார்கள். அவர்களுக்கும் ஐம்பது வயதை ஒட்டிவிட்டது. தேடிய பாட்டிமார் பெரும்பாலோர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். ஆனால் தேடல் நிற்கவில்லை. மீட்கப்பட்ட பேரன் பேத்திகளே இன்று மற்றவர்களைத் தேடுகிறார்கள்.

தாய்மார்களே, "எனக்கு என்ன தெரியும், நான் வீட்டில் கிடக்கிறவள்" என்று நீங்கள் சொல்லுவதை நாம் கேட்டிருக்கிறோம். ரோசாவோடு நின்றவர்களில் பலர் சாதாரணக் குடும்பப் பெண்கள்தாம். கோர்ட்டு வாசல் மிதிக்காதவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது தங்கள் பிள்ளையின் பெயர், முகம், பிரசவ நாள். அதை வைத்துக்கொண்டே சட்டத்தைக் கற்றார்கள், விஞ்ஞானிகளைக் கேள்வி கேட்டார்கள், தளபதிகளைக் கூண்டில் ஏற்றினார்கள். தாய்மை வீட்டுக்குள் அடங்கிய குணம் அல்ல. வாசலைத் தாண்டினால் அது நியாயம் கேட்கும் பலம்.

தொழிலாளத் தோழர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நமது போராட்டங்களில் ஜெயிலுக்குப் போனவர்களின் பெயர் சுவரில் எழுதப்படுகிறது. அவர்கள் ஜெயிலில் இருந்தபோது கூழ் காய்ச்சிப் பிள்ளைகளைக் காப்பாற்றிய அம்மாவின் பெயரும், மனுவை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் படியேறிய ஆத்தாவின் பெயரும் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? அவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் பக்கத்தில் உட்காருங்கள். எந்த வருஷம், எந்த ஆலை, யார் வந்தார்கள், என்ன செய்தாய் என்று கேளுங்கள். சொல்லுவதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். சங்கத்தின் பெட்டியில் அது இருக்கட்டும். காகிதம் இல்லாத இடத்தில்தான் "அப்படி ஒருவரும் இல்லை" என்று சொல்ல அதிகாரத்துக்குத் துணிச்சல் வரும்.

ரோசா அம்மையார் ஒரு மகளைப் பெற்றார். அவளை இழந்தார். அவளுடைய மகனைக் கண்டுபிடித்து, கொள்ளுப் பேரப்பிள்ளைகளையும் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார். தமக்காக மட்டும் அவர் தேடவில்லை. தம் பேரன் 2000ல் கிடைத்த பிறகும், மற்றவர்களின் பேரன்மாருக்காக இருபது வருஷத்துக்கு மேல் அதே மேசையில் உட்கார்ந்தார். தன் பிள்ளைக்குச் சோறு கிடைத்ததும் அடுப்பை அணைக்காத தாய் அவர்.

அந்தத் தாய்க்கு நமது வணக்கம்! பட்ரீசியாவுக்கும் ஹோசேக்கும், இருட்டில் கொண்டுபோகப்பட்ட ஆலைத் தொழிலாளர்களுக்கும் நமது அஞ்சலி! அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனமாக இருப்போம்.